மேடம் வருகிறார் என்று களை எடுத்தேன்

எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி. மகள் பி.எஸ்சி. தாவரவியல் படித்தாள். மூன்றாம் வருடம், கடைசி செமஸ்டர். அந்தச் செமஸ்டர் முடியும்போது வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பெருமைக்கு எழுதவில்லை. பெருமைப்பட அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே எங்களுக்குத் தோட்டம். மலை அடிவாரம். தென்னை, நடுவில் சின்ன வெங்காயம், ஓரத்தில் கொஞ்சம் தக்காளி, ஒரு மாடு. வீட்டில் நான், மனைவி, மகள். மகள் காலையில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய்ப் பொழுதோடு திரும்புவாள். மற்ற மாதங்களில் அவள் படிப்பது எங்களுக்குத் தெரியாது. செமஸ்டர் முடிவில் தெரியும். வீட்டையே பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஃபிரிட்ஜைப் பிடித்தது. கீழ்த்தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகள் வந்து உட்கார்ந்தன. மேலே துண்டுக் காகிதம் ஒட்டி இங்கிலீஷில் எழுதியிருக்கும். உள்ளே வெள்ளையாகவும் பச்சையாகவும் ஏதோ பூத்திருக்கும். மனைவி அதைப் பார்த்துவிட்டு இட்லி மாவை எடுத்து வெளியில் வைத்தாள். மாவு புளித்து, பொங்கி, மேடையெல்லாம் வழிந்தது. அடுத்தது என் மெத்தை. அடியில் பழைய பேப்பருக்கு நடுவில் செடி செடியாக வைத்திருந்தாள். அழுந்திக் காய வேண்டுமாம். நான் புரண்டால் சருகு சத்தம் கேட்கும்.

"வேற எங்காவது வெக்கறது கண்ணு."

"நீங்கதானுங்கப்பா கனமா இருக்கறீங்க. நல்லா அமுங்குது."

அவள் படிப்புக்கு நான் உருப்படியாகச் செய்த உதவி அது ஒன்றுதான். படுத்திருந்தேன்.

காலையில் தென்னைக்கு நடுவே நடந்துகொண்டு செடிப் பேர்களை மனப்பாடம் செய்வாள். எங்கள் தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு பூண்டுக்கும் இரண்டு பேர் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நாள் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேர். களை.

புராஜெக்ட் என்று ஒன்று இருப்பதைத் தை மாதம்தான் சொன்னாள். அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்பா, எனக்குக் கொஞ்சம் எடம் வேணுமுங்க."

"எதுக்கு?"

"களை வளக்கறதுக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி தோசைக்கல்லைப் பார்த்தாள்.

"வெங்காயத்துக்கு நடுவுல களைய உடறதுங்க. பாதிப் பாத்திக்குத் தைல மரத்து எலைய அரைச்சு ஊத்தறது. பாதிக்கு வெறுந்தண்ணி. எலைத் தண்ணிக்குக் களை அடங்குதான்னு பாக்கோணும்."

"களை வளக்கறதுக்கு எதுக்கு அம்மணி காலேஜு?" என்றாள் மனைவி. "உங்கப்பா படிக்காமயே வளப்பாரு."

மகள் விடாமல் விளக்கினாள். கடைசி வரைக்கும் யாரும் களை எடுக்கக் கூடாது என்றாள். ஏன், எது வரைக்கும், கடைசியில் என்ன செய்வது, எல்லாம் சொன்னாளாம். நான் தலையாட்டிக்கொண்டு தோசை தின்றேன். எனக்கு அதிகம் கேட்கிற பழக்கம் கிடையாது. ஒன்று கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் இன்னொன்று கேட்க வேண்டிவரும்.

ஒன்று மட்டும் காதில் ஏறியது. கோயமுத்தூரிலேயே ஒரு காலேஜில் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்று அவளுக்கு முதல் வருடத்திலிருந்தே ஆசை. வீட்டிலிருந்தே போய்வரலாம். இந்தப் புராஜெக்ட்டில் நல்ல மார்க் வந்தால் அந்த இடம் கிடைக்கும். குறைந்தால் கிடைக்காது. அது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தவன் என்ன செய்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பாத்தி பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று அங்கே கொடுத்தது. ஊர் நடக்கிற தடமும் அதை ஒட்டித்தான் போகிறது. அதை நான் யோசிக்கவில்லை. அவள் சுற்றிலும் கயிறு கட்டினாள். பாத்திக்கு ஒரு குச்சி நட்டு நம்பர் எழுதினாள். வெங்காயம் ஊன்றினோம். தைல இலையை எங்கள் மிக்ஸியிலேயே அரைத்தாள். ஒரு மாதத்துக்குத் தேங்காய்ச் சட்னி சளி மருந்து மாதிரி இருந்தது. "தொண்டைக்கு நல்லதுங்க" என்று மனைவி ஊற்றிவிட்டுப் போவாள்.

அவளுக்குப் புராஜெக்ட்டைச் சொல்லிக் கொடுக்கிற மேடம் ஒருவர் உண்டு. என்னென்ன கெடுதல் வரலாம், வந்தால் என்ன செய்வது என்று முன்னாடியே எழுதச் சொல்லியிருந்தார். அவள் எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். மழை. காட்டுப்பன்றி. மோட்டார் ரிப்பேர். யானை. எல்லாம் இருந்தது. நான் மட்டும் அதில் இல்லை.

களை முளைத்தது. எங்கள் மண் அப்படி. வெங்காயத்தை முந்திக்கொண்டு சாரணையும் கோரையும் வந்தன. அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளப்பாள். களையை அளக்கிற பெண்ணைப் பெற்றவன் என்று நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்கு மாமன் முறை. தினமும் அந்தத் தடத்தில்தான் பால் ஊற்றப் போவார். ஒரு நாள் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங் மாப்ள, ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"நல்லாத்தான் இருக்கறனுங் மாமா."

"இல்ல, பூண்டு இடுப்பளவுக்கு நிக்குது. தோட்டத்த வித்துப்போடறாப்ல ரோசனையோன்னு நெனச்சேன்."

"புள்ள படிப்புக்குங்க."

"படிக்கறதுக்குப் பொஸ்தகம் குடுக்கறதில்லீங்களா இப்பெல்லாம்?"

களை இடுப்பளவு இல்லை. முழங்காலுக்கும் கீழேதான். ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. எங்கள் பக்கம் ஒருவன் தோட்டத்தில் களை நிற்பதும் கல்யாண மண்டபத்தில் அவன் வேட்டி அவிழ்வதும் ஒன்றுதான். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் அந்தத் தடத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். மோட்டார் போட மனைவியை அனுப்பினேன்.

போனாலும் கை சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியாமலே நீளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்தேவிட்டேன். மோட்டார் ரூமுக்குள்ளிருந்து "அப்பா" என்று ஒரு குரல் வந்தது. செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி செய்தேன். காலில் செருப்பு இல்லை.

மாசியில் ஒரு நாள் விடியும்போது யானை இறங்கியது. மாமன் தோட்டத்து வாழையை முறித்துத் தின்றுவிட்டு, எங்கள் தென்னைக்கு நடுவே நடந்து மலைக்குப் போனது. மகள் பல் கூட விளக்காமல் ஓடினாள். நாங்களும் ஓடினோம். கயிற்றுக்கு ஒரு அடி தள்ளி முறம் மாதிரிக் கால் தடம். பாத்தி பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டு போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். மேடத்திடமிருந்து இரண்டு கை கூப்பின படம் திரும்பி வந்தது.

பங்குனி முடியும்போது வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. ரெக்கார்டு, மாடல், இன்டர்னல் என்று தினம் ஒரு பேர். மகள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். மனைவி பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் டிவி போட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அணைத்துவிட்டு மாட்டிடம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலைக் கழுவிப் பையில் போட்டாள்.

"அளவு எடுத்து முடிஞ்சுதுங்கப்பா. எலைத் தண்ணி ஊத்துன பாத்தில களை குட்டையாத்தான் இருக்குது. புதன்கெழமை மேடம் நேர்ல வாராங்க."

"நம்ம ஊட்டுக்கா?"

"தோட்டத்துக்குங்க."

தலையாட்டினேன். முடிந்தது என்றால் முடிந்தது என்றுதான் எனக்கு அர்த்தம். அன்றைக்கு மேடமும் அவளும் சேர்ந்து பாத்தி பாத்தியாகக் களையைப் பிடுங்கி, தனித்தனிக் கவரில் போட்டு, காயவைத்து எடை போடப் போகிறார்கள் என்றும், அந்த எடைதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்குத் துணை என்றும் தை மாதமே சொல்லிவிட்டாளாம். தோசை தின்ற அன்றைக்கு.

காலேஜ் மேடம் வருகிறார் என்றால் சும்மா இல்லை. மனைவி செவ்வாய்க்கிழமையே வீடு கழுவிவிட்டாள். புதன்கிழமை விடிந்ததும் அரிசியும் வெல்லமும் ஆட்டி எண்ணெயில் கச்சாயம் சுட ஆரம்பித்தாள். நான் இளநீர் நான்கைந்து இறக்கி வைத்தேன். மகள் மேடத்தைக் கூட்டிவர பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். எனக்கு வேலை இல்லை. தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. மோட்டார் ரூம் பக்கம் திரும்பினேன்.

படித்தவர் ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார். என் மகளை நம்பி வருகிறார். வந்து நின்றால் எதிரே பூண்டுக்காடு. என்ன நினைப்பார். இந்தப் பெண் வீட்டில் ஆள் இல்லையா என்று நினைக்க மாட்டாரா. ஒறம்பரை, விருந்தாளி வருகிற அன்றைக்கு வாசல் கூட்டாமல் விடுவோமா. களைக்கொத்தை எடுத்தேன்.

மனைவி அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் செய்யுங்க."

"அளவெல்லாம் முடிஞ்சுதுன்னு அவளே சொல்லீட்டா."

"அதுக்கில்லீங்க. போன்லயாவது."

"கச்சாயம் கருகுது, அதப் பாரு."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தையும் எழுதிவிட வேண்டும். மூன்று மாதம் கையைக் கட்டி வைத்திருந்தேன். கோரையைக் கிழங்கோடு எடுத்தேன். சாரணையை வேரோடு எடுத்தேன். நம்பர் குச்சிகள் இடைஞ்சலாக இருந்தன. அவற்றையும் பிடுங்கி ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினேன். கரையைத் தட்டி நேராக்கி, மேலாகத் தண்ணீர் காட்டினேன். களையை எல்லாம் ஒரே சுமையாகக் கட்டி மாட்டுக்குப் போட்டேன். இலைத் தண்ணி குடித்த களை எது, வெறுந்தண்ணி குடித்தது எது என்று மாடு பார்க்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பாத்தி ஓரம் நின்றேன். பன்னிரண்டு பாத்தியும் தலை வாரிவிட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தன.

ஆட்டோ வந்து நின்றது. மேடம் குள்ளமாக இருந்தார். பருத்திச் சேலை, கான்வாஸ் ஷூ. பின்னால் மகள் ஒரு கையில் எடை மெஷின், ஒரு கையில் காக்கிக் கவர் கட்டோடு இறங்கினாள்.

"வாங்க மேடம்" என்றேன்.

"வணக்கமுங்க. நீங்க குடுத்த எடத்துலதான் எல்லாமே நடக்குதுங்க. ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிக்கொண்டே பாத்திக்கு வந்தார். வந்து நின்றார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"வெங்காயம் அருமையா இருக்குதுங்க" என்றார். "களை எங்கீங்க?"

"ஒண்ணு இல்லாம எடுத்தாச்சுங்க மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சொன்னதைக் கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்கக் கூடாது.

மேடம் மகளைத் திரும்பிப் பார்த்தார். மாடு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கீங்கப்பா போட்டீங்க?" என்றாள் மகள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கையைக் காட்டினேன்.

அவள் மாட்டைப் பார்த்தாள். அடுக்கி வைத்த குச்சிகளைப் பார்த்தாள். கவர் கட்டைக் கரை மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தில்தான் எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. மேடம் மெதுவாக, எடை என்றால் என்ன, எதற்கு என்று என்னிடம் சொன்னார். அப்போது முழுதும் புரிந்தது.

ஓடினேன். மிச்சம் ஒரு பிடி மாட்டின் வாயில் இருந்தது. எனக்கும் மாட்டுக்கும் கொஞ்ச நேரம் இழுபறி. மாடு ஜெயித்தது.

திரும்பி வந்து, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மேடம், அள்ளிப் போட்டவன் நானுங்க. எந்தப் பாத்தில எத்தன எடைன்னு கை சொல்லுமுங்க. வெங்காய மூட்டையத் தூக்கியே எடை சொல்ற ஆளுங்க நான்."

மேடம் மரியாதையானவர். வரப்பில் இருந்த புல்லை ஒரு கொத்து பறித்து என் கையில் கொடுத்தார். "சொல்லுங்க பாக்கலாம்."

"கால் கிலோ இருக்குமுங்க."

மெஷினில் வைத்தார். அதில் பாதி கூட இல்லை. இன்னொரு கொத்து கொடுத்தார். இந்தத் தடவை உஷாராகக் குறைத்துச் சொன்னேன். அது நான் சொன்னதை விட அதிகமாக இருந்தது. மூன்றாவதுக்கு மேடம் குனிவதற்குள் மகள் "போதுமுங்கப்பா" என்றாள்.

மனைவி இளநீரும் கச்சாயமும் கொண்டுவந்தாள். "நா அப்பவே சொன்னனுங் மேடம். இவரு ஒரு வார்த்த கேட்டா வாயில இருக்கற முத்து உதுந்துருமுங்க" என்றாள். மேடம் அந்த நிலைமையிலும் இரண்டு கச்சாயம் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். போகும்போது மகளின் தோளைத் தொட்டார்.

"வாராவாரம் எடுத்த ஒயரம் இருக்குது. எடை இல்ல. எடை இல்லாம உன் முடிவு பாதியிலதான் நிக்கும். எப்படி எழுதப்போறேன்னு யோசிச்சுட்டு வெள்ளிக்கெழமை டிபார்ட்மெண்டுக்கு வா."

அன்றைக்கும் மறுநாளும் மகள் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டினால் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். அவள் "சாப்பாடு போடட்டுங்களாப்பா" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன்.

கூடப் படிக்கிற பெண் ஒருத்தி போனில் பேசினாள். மகள் சத்தமாக வைத்துவிட்டு ரெக்கார்டு வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏய், ஒரு நம்பரப் போட்டு உடுடி. யாரு மாட்டு வயித்தக் கீறிப் பாக்கப் போறாங்க?"

"அப்படிப் போடறதுன்னா மூணு மாசம் எதுக்குடி ஸ்கேலப் புடிச்சேன்?"

"எம்.எஸ்சி. சீட்டு போயிரும். அப்பறம் அந்த ஸ்கேல வெச்சு முதுகு சொறி."

போனை வைத்ததும் நான் மெல்லக் கிட்டே போனேன்.

"அந்தப் புள்ள சொல்றது செரியாத்தான் படுது கண்ணு."

அவள் நிமிரவில்லை. "வெங்காயத்துல தண்ணி தெளிச்சு எடை கூட்டறவங்க இருக்கறாங்கல்லப்பா."

"இருக்கறாங்க."

"நீங்க தெளிப்பீங்களா?"

"நானெதுக்குத் தெளிக்கறேன்?"

"அப்பறம் போங்க."

போனேன்.

வெள்ளிக்கிழமை நானும் கிளம்பினேன். வேண்டாம் என்றாள். மேடத்திடம் நான் சொன்னால் கேட்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. எதனால் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டிபார்ட்மெண்ட் மாடியில் இருந்தது. வராண்டா சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பாட்டில், பாட்டிலுக்குள் கிழங்கும் காயும். படிக்கட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த பையன் ஒருவன் எழுந்து வழிவிட்டான். என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்கதான் அந்த அங்கிளா?"

"எந்த அங்கிளு சாமி?"

"களை அங்கிள்."

ஆமாம் என்றேன். அவன் கை கொடுத்தான். எதற்கு என்று தெரியவில்லை. நானும் கொடுத்தேன்.

மேடம் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "தப்பு பூரா என்னுதுங்க மேடம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோங்க. என்ன செய்யறதுன்னாலும் என்னச் செஞ்சுக்கோங்க" என்றேன்.

"பரீட்ச உங்களுக்கு இல்லீங்களே" என்றார் மேடம். பிறகு மகளைப் பார்த்தார். "நீ சொல்லு."

"ஒயரத்த மட்டும் வெச்சு எழுதறனுங்க மேடம். எடை எடுக்கலன்னு எழுதறேன். ஏன் எடுக்கலன்னும் எழுதறேன்."

"மார்க் கொறையும்."

"தெரியுமுங்க."

"வெளியில இருந்து பரீட்ச வெக்க வர்றவர் மொதக் கேள்வியே அதத்தான் கேப்பார்."

"சொல்றனுங்க."

நான் நடுவில் புகுந்தேன். "எம்பேர்ல பழியப் போட்டு எழுதச் சொல்லுங்க மேடம்."

"அப்படித்தாங்க எழுதப்போறா" என்றார் மேடம்.

எழுதினாள். டைப் அடித்து, பைண்டு போட்டு வந்தது. யானைக் கால் தடம் கலரில் இருந்தது. கெடுதல் என்னென்ன வந்தது என்று ஒரு பக்கம். மனைவிக்கும் எனக்கும் அதைத் தமிழில் வாசித்தாள். மழை, வரவில்லை. காட்டுப்பன்றி, வரவில்லை. யானை, ஒரு தடவை வந்தது, சேதம் இல்லை. விவசாயி, கடைசி நாளில் எல்லாப் பாத்தியிலும் களையை முழுவதும் அகற்றிவிட்டார்.

"ஆனை உட்டு வெச்சுட்டுப் போச்சு" என்றாள் மனைவி.

"விவசாயின்னு போட்டிருக்கறே. அப்பான்னு போடலியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போடக் கூடாதுங்கப்பா."

என்னைப் பற்றி அச்சில் வந்தது அது ஒன்றுதான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

வாய்மொழித் தேர்வுக்கும் கூடப் போனேன். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே பப்ஸ் தின்றாள். எனக்கும் பரீட்சைப் பயம் பிடித்துக்கொண்டது. ஆறாவதில் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஒருவேளை அதனால்தான் ஆறாவதோடு நின்றது.

மகள் இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது என்னிடமிருந்து வந்தது.

"என்ன கேட்டாங்க?"

"வெளியில இருந்து வந்தவரு எடை எங்கீன்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"நடந்ததச் சொன்னேன். கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுச் சிரிச்சாருங்க. நாலு நிமிசம் சிரிச்சிருப்பாரு. அப்பறம், மறுபடி செஞ்சா எத மாத்துவேன்னு கேட்டாரு."

"கம்பி வேலி போடுவேன்னு சொன்னியா?"

"இல்லீங்க. தோட்டத்துக்காரருக்கு எதுக்குச் செய்யறோம்னு மொதல்லயே புரிய வெக்கோணும், புரிஞ்சுதான்னு திருப்பிக் கேட்டுக்கோணும்னு சொன்னேன்."

"நீதான் தை மாசமே சொன்னியே."

"சொன்னனுங்க. நீங்க தலையாட்டுனீங்க. நா அதோட உட்டுட்டேன்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நானே கேட்டேன். ஒயரம் இருக்கும்போது எடை எதற்கு என்று. அவள் சொன்னாள். ஒரு களை குட்டையாக இருக்கும், ஆனால் நாலா பக்கமும் படர்ந்திருக்கும். இன்னொன்று நெட்டையாக இருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது. ஸ்கேலுக்கு அது தெரியாது. இதை நான் நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாரணை அப்படித்தான் படரும். ஆனாலும் அவள் சொல்லும்போதுதான் எடையும் அதுவும் என் தலைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. இன்னும் கேட்டேன். முன் சீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கும்போது எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. ஆராய்ச்சியும் முடிந்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. பாஸ். மேடம் சொன்ன மாதிரியே அதில் மார்க் குறைந்திருந்தது. அவள் கேட்ட காலேஜில் முதல் லிஸ்ட் போட்டார்கள், பேர் இல்லை. இரண்டாவது லிஸ்டிலும் இல்லை.

"என்னாலயா கண்ணு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முழுக்க இல்லீங்கப்பா. கெமிஸ்ட்ரிலயும் கொறஞ்சுபோச்சு."

ஆறுதலுக்குச் சொன்னாளா, கணக்குப் பார்த்துச் சொன்னாளா, தெரியவில்லை. அவள் ஆறுதலுக்குச் சொல்லுகிற ஆள் இல்லை.

பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல். கொண்டுபோய் விட்டோம். மனைவி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். மூன்று மாதத் தூக்கம் பாக்கி இருந்தது அவளுக்கு.

இப்போது அங்கேயும் செமஸ்டர் முடிகிற காலம். நேற்றுப் பொழுதோடு போன் செய்தாள். மனைவி பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். வழக்கமாக நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"புராஜெக்ட்டு என்ன கண்ணு?"

"பூஞ்சைங்கப்பா. ஒரு வாழை நோவுக்கு."

"எங்க வளருது?"

"லேப்ல, பெட்டிக்குள்ளீங்க."

"பூட்டு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"சாவி?"

"இங்கத்த மேடம்கிட்ட."

"நல்லது. அதக் கடைசில எடை போடறதா?"

"இல்லீங்கப்பா, இதுக்கு அகலம் அளக்கறது."

"அதுக்கெதுக்கு அகலம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நீளமாகச் சொன்னாள். மனைவி தட்டை வைத்துவிட்டு, சோறு ஆறுகிறது என்று கையைக் காட்டினாள். நான் இரு என்று கையைக் காட்டினேன்.

"புரிஞ்சுதுங்களாப்பா?" என்றாள் மகள்.

"இல்ல. இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.